குழந்தை கண்ணில் ‘டியூப்’ வைத்தாச்சா? ஆபரேஷனோடு வேலை முடியவில்லை! பெற்றோர் உஷாராக இருக்க வேண்டியது எப்போது?

திருச்சி,

கட்டு பிரித்தாச்சு. மூடியே கிடந்த கண்ணைக் குழந்தை மெல்லத் திறந்து பார்க்கிறது. ‘அப்பாடா, ரங்கநாதர் கண் திறந்துட்டார்’ என்று பாட்டி கும்பிடுகிறார். அப்பா ஆஸ்பத்திரி சீட்டை மடித்துப் பீரோவில் வைக்கிறார். ஒரு மாதம் சொட்டு மருந்து ஒழுங்காகப் போகிறது. அப்புறம்? வேலை, கூலி, பள்ளிக்கூடம் என்று நாள் ஓடி விடுகிறது. அடுத்த செக்கப் தேதி தாண்டிப் போகிறது.

கண் நீர் அழுத்த நோய்க்காக டியூப் வைத்த குழந்தைகளுக்கு ஆபத்து நுழைவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். ஆபரேஷன் நன்றாக நடந்திருக்கலாம். டியூப்பும் நன்றாக வேலை செய்து கொண்டிருக்கலாம். ஆனாலும் ஆறு வாரத்திலும் பிரச்சினை வரும். ஆறு வருடம் கழித்தும் வரும். சீக்கிரம் பார்த்தால் பெரும்பாலானவற்றைச் சரி செய்யலாம். விட்டால் கண்ணே போய் விடும்.

‘பெரிய கண்ணு’ அழகு அல்ல!

கண்ணுக்குள் எப்போதும் ஒரு தெளிவான நீர் ஊறிக்கொண்டே இருக்கும். அதே அளவு நீர், கருவிழி ஓரத்தில் இருக்கும் சல்லடை போன்ற பாதை வழியாக வெளியேறி ரத்தத்தில் கலந்து விடும். இது கண்ணீர் அல்ல. கண்ணீர் வெளியே வழிவது. இது உள்ளேயே சுற்றுவது.

சில குழந்தைகளுக்குப் பிறவியிலேயே அந்தச் சல்லடை சரியாக அமையாது. நீர் வெளியேற வழியில்லாமல் கண்ணுக்குள் பிரஷர் ஏறும். பிறந்த குழந்தையின் கண் இளசு. அதனால் ஊதின பலூன் மாதிரி கண்ணே பெரிதாகிக்கொண்டு போகும். இதை டாக்டர்கள் ‘மாட்டுக்கண்’ என்று சொல்வார்கள்.

‘என்னம்மா, பிள்ளைக்கு இவ்வளவு பெரிய கண்ணு, லட்சணமா இருக்கே’ என்று உறவுக்காரர்கள் கொஞ்சுவார்கள். திருஷ்டி சுற்றிப் போடுவார்கள். பிறந்த குழந்தையின் கருவிழி சுமார் 10 மில்லி மீட்டர் அகலம் இருக்கும். முதல் வயதுக்குள் அது 12 மில்லி மீட்டரைத் தாண்டினால் அழகு இல்லை, நோய் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

வெளிச்சத்தைக் கண்டால் கண்ணை இறுக மூடிக்கொள்வது, சும்மா இருக்கும்போதே கண்ணீர் வழிவது, கருவிழி தெளிவில்லாமல் புகை படிந்த மாதிரி தெரிவது - இந்த மூன்றும் முக்கிய அடையாளங்கள்.

ஆந்திராவில் நடந்த ஆய்வில், 3,300 குழந்தைகளுக்கு ஒரு குழந்தைக்கு இந்தப் பிறவி நோய் இருப்பதாகக் கணக்கிட்டார்கள். மேலை நாடுகளில் 10 ஆயிரத்துக்கு ஒன்று அல்லது அதையும் விடக் குறைவு. நெருங்கிய சொந்தத்தில் கல்யாணம் செய்வது இதற்கு ஒரு காரணம். தாய், தந்தை இருவரிடமும் குறையுள்ள மரபணு மறைந்திருந்தால், பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. மாமன் மகள், அக்கா மகள் என்று கட்டும் குடும்பங்களில் இரண்டு பேரிடமும் அதே மரபணு இருக்க வாய்ப்பு அதிகம். ஒரு குழந்தைக்கு நோய் இருந்தால் தம்பி, தங்கைகளுக்கும் பிறந்த உடனே கண் பார்க்க வேண்டும் என்பது இதனால்தான்.

கண்ணுக்கு ஒரு கொள்ளிடம்

பிறவி நோய்க்கு முதலில் செய்வது டியூப் அல்ல. அடைபட்ட சல்லடையைத் திறந்து விடும் ஆபரேஷன்தான் முதலில். அது கைகொடுக்காத கண்களுக்கும், கைக்குழந்தையாக இருக்கும்போது கண்புரை எடுத்து அதன்பின் பிரஷர் வந்த கண்களுக்கும்தான் டியூப் வைக்கிறார்கள்.

அது என்ன டியூப்? நம்ம ஊர்க்காரர்களுக்கு இதைச் சொல்லிப் புரிய வைப்பது சுலபம். முக்கொம்பில் காவிரி நிறைந்தால் உபரித் தண்ணீர் கொள்ளிடத்தில் போகிறது. அதனால்தான் ஸ்ரீரங்கம் பிழைக்கிறது. அதே மாதிரி கண்ணுக்குள் மிஞ்சும் நீருக்கு ஒரு தனி வாய்க்கால் வெட்டி விடுகிறார்கள்.

மெல்லிய சிலிகான் குழாய். உள் துவாரம் ஒரு மில்லி மீட்டரில் மூன்றில் ஒரு பங்குதான். அதன் ஒரு முனை கருவிழிக்குப் பின்னால், நீர் இருக்கும் அறைக்குள் நிற்கும். மறு முனை, கண்ணின் வெள்ளைப் பகுதி மேல் தைத்து வைத்த ஒரு தகட்டில் சேரும். வடிகிற நீர் அந்தத் தகட்டைச் சுற்றித் தேங்கி, மெல்ல உடம்பில் சுவறிப் போகும்.

1966-ம் ஆண்டு தென் ஆப்பிரிக்காவில் ஆன்டனி மோல்டினோ என்ற டாக்டர்தான் இந்த முறைக்கு வழி காட்டினார். பின்னர் பார்வெல்ட், அகமது என்ற பெயர்களில் வெளிநாட்டுக் கருவிகள் வந்தன. விலை, ஏழைக்கு எட்டாத விலை.

இதில் நம் பக்கத்துக்கு ஒரு பெருமை உண்டு. மதுரையில் 1976-ல் டாக்டர் ஜி.வெங்கடசாமி 11 படுக்கைகளுடன் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையின் உற்பத்திப் பிரிவு ஆரோலேப். கண்புரை லென்சை மலிவாகச் செய்வதற்காக 1992-ல் தொடங்கியது. அதே ஆரோலேப் 2013-ல் சொந்தமாக ஒரு வடிகால் கருவியைக் கொண்டு வந்தது. தகட்டின் பரப்பு 350 சதுர மில்லி மீட்டர். ஏறக்குறைய ஒரு ரூபாய் காசு அளவு. வெளிநாட்டுக் கருவி பல நூறு டாலர் விற்றபோது, இது 50 டாலர் அளவில் கிடைத்தது. இன்று நாட்டின் பல ஊர்களில் குழந்தைகளுக்கு வைப்பது இந்த மதுரைக் கருவிதான்.

பலன் எப்படி? சண்டிகர் அரசு உயர் மருத்துவ நிலைய டாக்டர்கள் இந்தக் கருவியை வைத்த குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து, 2017-ல் முடிவை வெளியிட்டார்கள். ஒன்றரை, இரண்டு ஆண்டு கழித்து 10 கண்களில் சுமார் 8 கண்களுக்குப் பிரஷர் கட்டுக்குள் இருந்தது. முன்பு ஆபரேஷன் செய்தும் பலிக்காத கண்களுக்கு இது நல்ல பலன். ஆனால் மீதி 2 கண்களை மறந்து விடக் கூடாது.

ஐந்தாவது, ஆறாவது வாரம் கவனம்

முதல் சிக்கல் வேடிக்கையானது. வடிகால் வைத்ததே நீர் போகத்தான். ஆனால் வைத்த உடனே நீர் முழுக்க ஓடி விட்டால் கண் தொய்ந்து விடும். காற்றுப் போன டயர் மாதிரி. கண்ணின் உள் அடுக்குகள் பிரிந்து, பார்வை மங்கும்.

அதனால் மதுரைக் கருவி போன்ற வால்வு இல்லாத டியூப்பை, தானாகக் கரையும் நூலால் கட்டி அடைத்து வைக்கிறார்கள். தகட்டைச் சுற்றி சதை வளர்ந்து ஒரு உறை உண்டாகும் வரை அந்தக் கட்டு தாங்க வேண்டும். சுமார் ஐந்து, ஆறு வாரத்தில் நூல் கரையும். டியூப் திறக்கும்.

இதில் பெற்றோர் தெரிந்துகொள்ள வேண்டியது இரண்டு. ஒன்று, நூல் கரையும் வரை பிரஷர் இறங்காது. ‘ஆபரேஷன் பண்ணியும் குறையலையே’ என்று பயப்படவும் வேண்டாம், பழைய சொட்டு மருந்தை டாக்டர் சொல்லாமல் நிறுத்தவும் வேண்டாம். இரண்டு, நூல் கரைந்த அன்று பிரஷர் திடீரென விழலாம். குழந்தை சோர்ந்து கிடக்கலாம், கண் வலி என்று அழலாம், பார்வை மங்கலாம். ஒரு அறிகுறியும் இல்லாமலும் இருக்கலாம். ஆறாவது வார செக்கப்பைத் தவற விடக் கூடாது என்று சொல்வது சும்மா இல்லை.

குழந்தை வளரும், கண்ணும் வளரும்

பெரியவர்களுக்கு வைக்கும் டியூப் வைத்த இடத்தில் நிற்கும். குழந்தைக்கு அப்படி அல்ல. கண் வளர்கிறது. கண் சுவர் மெலிசு. டியூப்பின் இடம் மாறும்.

சில கண்களில் டியூப் முன்னால் சாய்ந்து கருவிழியின் உட்பக்கத்தை உரசும். உரச உரச கருவிழி வெளுத்துப் போகும். சில கண்களில் டியூப் பின்னால் இழுபட்டு, நீர் இருக்கும் அறையை விட்டே வெளியே வந்து விடும். அப்போது வாய்க்கால் இருக்கும், தண்ணீர் போகாது. சில நேரம் ரத்தக் கட்டியோ, கண்ணின் உள் திசுவோ வாயை அடைத்துக்கொள்ளும்.

தகட்டைச் சுற்றிய உறை தடித்துப் போனாலும் நீர் சுவறாது. குழந்தைகளுக்குச் சதை வேகமாக வளர்வதால் இது அடிக்கடி வரும் சிக்கல். பிரஷர் மறுபடி ஏறும். மறுபடி சொட்டு மருந்து, அதுவும் போதாவிட்டால் லேசர் அல்லது இரண்டாவது டியூப் என்று போக வேண்டி வரும். ‘டியூப் வைத்தும் சொட்டு மருந்தா?’ என்று கேட்பவர்கள் உண்டு. பல குழந்தைகளுக்கு இரண்டும் சேர்ந்துதான் கண்ணைக் காப்பாற்றுகிறது.

இவை தவிர, தகடு கண் தசைகளுக்கு அடியில் இருப்பதால் மாறுகண் வரலாம். கண்புரை வரலாம். அரிதாக விழித்திரை பிரியலாம்.

மிக ஆபத்து: டியூப் வெளியே தெரிவது

எல்லாவற்றிலும் பெரிய பயம் இதுதான். டியூப் வெளியே தெரியாமல் இருக்க, தானமாகக் கிடைத்த கண்ணிலிருந்து எடுத்த ஒரு சிறு துண்டை அதன் மேல் போர்த்தித் தைக்கிறார்கள். அதற்கு மேல் கண்ணின் மெல்லிய தோல். (ஒருவர் செய்யும் கண் தானம் கருவிழி மாற்றுவதற்கு மட்டும் அல்ல, இப்படி ஒரு குழந்தையின் டியூப்பை மூடவும் பயன்படுகிறது.)

காலப்போக்கில் அந்தப் போர்வை தேயலாம். குழந்தை கண்ணைக் கசக்கிக் கசக்கி அது கிழியலாம். தோல் திறந்து டியூப் வெளியே வந்து விட்டால், அது கிருமிகள் கண்ணுக்குள் போக நேர் பாதை! கண்ணுக்குள் சீழ் பிடித்தால் ஒன்றிரண்டு நாளில் பார்வை போய் விடும்.

சவுதி அரேபியாவில் அகமது வால்வு வைத்த 542 கண்களை ஆராய்ந்து, 2005-ல் ஒரு கட்டுரை வெளியானது. அதில் 9 கண்களில் சீழ் பிடித்திருந்தது. நூற்றுக்கு இரண்டு கூட இல்லை. ஆனால் பெரியவர்களை விடக் குழந்தைகளுக்கு ஐந்து மடங்கு அதிகம். அந்த 9 கண்களில் 6 கண்களில் டியூப் மேல் தோல் தேய்ந்து திறந்திருந்தது. தோல் திறந்ததை முதலிலேயே பார்த்து மூடி விட்டால், கிருமிக்கு வழி இல்லை.

வீட்டில் பார்ப்பது எப்படி? வாரம் ஒரு நாள், நல்ல வெளிச்சத்தில், கையைச் சோப்புப் போட்டுக் கழுவி விட்டு, குழந்தையைக் கீழே பார்க்கச் சொல்லி மேல் இமையை மெதுவாகத் தூக்கிப் பாருங்கள். கண்ணை அழுத்தக் கூடாது. டியூப் இருக்கும் இடத்தில் வெள்ளையாக ஒரு கோடு பளிச்சென்று தெரிந்தாலோ, அந்த இடம் மட்டும் சிவந்திருந்தாலோ, பூளை தள்ளினாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். எந்த இடத்தில் டியூப் இருக்கிறது என்று வீட்டுக்கு வரும் முன்பே டாக்டரிடம் காட்டச் சொல்லித் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

‘மெட்ராஸ் ஐ’ என்று விடாதீர்கள்

ஊரில் நடப்பது என்ன? கண் சிவந்தால் ‘மெட்ராஸ் ஐயா இருக்கும்’ என்று மெடிக்கல் ஷாப்பில் ஒரு சொட்டு மருந்து வாங்கி ஊற்றுகிறோம். டியூப் வைத்த குழந்தைக்கு இது கூடவே கூடாது. மூன்று காரணம்.

முதலாவது, சிவப்பு குறைந்த மாதிரி தெரியும், உள்ளே கிருமி ஓடிக்கொண்டே இருக்கும். இரண்டாவது, கடையில் கிடைக்கும் பல சொட்டு மருந்துகளில் ஸ்டீராய்டு கலந்திருக்கும். டாக்டர் ஆபரேஷனுக்குப் பின் ஸ்டீராய்டு கொடுப்பது அளவோடு, நாளோடு. நாமாக நீட்டினால் பிரஷர் ஏறும்.

மூன்றாவது, வீட்டில் தாத்தாவுக்கும் கண் பிரஷர் இருக்கும். ‘ஒரே நோய்தானே’ என்று தாத்தா மருந்தைப் பேரனுக்கு விடக் கூடாது. பெரியவர்களுக்குக் கொடுக்கும் பிரிமோனிடின் என்ற சொட்டு மருந்து, இரண்டு வயதுக்குக் கீழ் உள்ள குழந்தைக்குப் போட்டால் அளவுக்கு மீறி தூங்கி, மூச்சே நின்று போகலாம். டிமோலால் என்ற மருந்து, வீசிங் இருக்கும் குழந்தைக்கு இழுப்பை உண்டாக்கலாம். எனவே மருந்து சீட்டு எழுதும்போதே ‘குழந்தைக்கு இழுப்பு இருக்கு’ என்று சொல்லி விடுங்கள்.

தாய்ப்பால் பீய்ச்சுவது, தேன், விளக்கெண்ணெய் விடுவது, நந்தியாவட்டைப் பூ வைப்பது, கண் மை தீட்டுவது எதுவும் வேண்டாம்.

ஆடிப்பெருக்கும் தெரு கிரிக்கெட்டும்

ஆடி 18 வந்தால் அம்மா மண்டபம் படித்துறையில் குடும்பத்தோடு இறங்குவோம். ஆபரேஷன் ஆகி டாக்டர் அனுமதி கொடுக்கும் வரை டியூப் வைத்த குழந்தையைக் காவிரியில் முங்க வைக்கக் கூடாது. படித்துறையில் உட்கார வைத்துக் கழுத்துக்குக் கீழே தண்ணீர் ஊற்றினால் போதும். மொட்டை போட்டாலும் தலைக்கு ஊற்றும் தண்ணீர் கண்ணில் இறங்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். கண் ஆறிய பிறகும் ஆற்றில், குளத்தில் குதிப்பது பற்றி டாக்டரிடம் கேட்டே முடிவு செய்யுங்கள்.

தெருவில் கிரிக்கெட் ஆடும் வயது வந்தால், பந்து கண்ணில் படாமல் உடையாத கண்ணாடி போட்டு அனுப்புங்கள். மற்ற குழந்தைகளோடு விளையாடவே விடாமல் வீட்டில் பூட்டி வைக்கவும் வேண்டாம். பள்ளிக்கூடத்தில் டீச்சரிடம் ஒரு வார்த்தை சொல்லி முன் பெஞ்சில் உட்கார வையுங்கள்.

பிரஷர் கட்டுப்பட்டால் மட்டும் பார்வை வந்து விடாது. பெரிதான கண்ணுக்குக் கிட்டப்பார்வை இருக்கும். கண்ணாடி போட வேண்டும். ஒரு கண் நன்றாகவும் ஒரு கண் மோசமாகவும் இருந்தால் மூளை மோசமான கண்ணை ஒதுக்கி விடும். ‘சோம்பேறிக் கண்’ என்பது இதுதான். நல்ல கண்ணைத் தினமும் சில மணி நேரம் மூடி, மற்ற கண்ணுக்கு வேலை கொடுக்கச் சொல்வார்கள். குழந்தை அழும், பிய்த்துப் போடும். ஆனாலும் விடக் கூடாது. சின்ன வயதில் விட்டால் பிறகு அந்தப் பார்வையைத் திருப்புவது கஷ்டம்.

கூலி போகுதே என்றால்?

செக்கப்புக்குப் போகாததற்குக் காரணம் பெற்றோருக்குப் பாசம் இல்லை என்பதல்ல. ஒரு நாள் போனால் ஒரு நாள் கூலி போகும். டியூப் வைத்தது மதுரையிலோ சென்னையிலோ என்றால் பஸ் செலவு, சாப்பாட்டுச் செலவு, மற்றப் பிள்ளையை யாரிடம் விடுவது என்ற கவலை. சின்னக் குழந்தை அசையாமல் இருக்காது என்பதால் மயக்கம் கொடுத்துத்தான் கண் பார்ப்பார்கள். அதற்குப் பால்கூடக் கொடுக்காமல் காத்திருக்க வேண்டும். ‘அடிக்கடி மயக்க ஊசி போட்டா மூளைக்கு ஆகாது’ என்று அக்கம்பக்கத்தில் வேறு பயமுறுத்துவார்கள். அந்தப் பயத்தை டாக்டரிடமே கேட்டுத் தீர்த்துக்கொள்ளுங்கள். பிரஷர் தெரியாமல் இருப்பது நிச்சயமான ஆபத்து.

செலவைக் குறைக்க வழி கேளுங்கள். முதல்வர் காப்பீட்டு அட்டை செல்லுமா, இடையில் வரும் செக்கப்பை ஊரிலேயே வைத்துக்கொள்ளலாமா என்று டியூப் வைத்த டாக்டரிடம் எழுதி வாங்குங்கள். திருச்சியில் புத்தூர் அரசு ஆஸ்பத்திரியில் கண் பிரிவு இருக்கிறது. 1934 முதல் நடக்கும் ஜோசப் கண் ஆஸ்பத்திரி இருக்கிறது. அவசரம் என்றால் மதுரைக்குப் பஸ் ஏறும் முன் பக்கத்தில் இருக்கும் கண் டாக்டரிடம் காட்டி விடுவதே புத்திசாலித்தனம். அதற்கு டிஸ்சார்ஜ் சீட்டு கையில் இருக்க வேண்டும். எந்தக் கண், எந்தக் கருவி, எந்தத் தேதி என்பது அதில்தான் இருக்கிறது. பீரோவில் பூட்டாமல், செல்போனில் ஒரு போட்டோ எடுத்து வைத்து விடுங்கள்.

உடனே ஓட வேண்டிய அறிகுறிகள்

* கண் திடீரெனச் சிவப்பது, வலி, இமை வீக்கம்
* பூளை, சீழ்
* டியூப் வெளியே தெரிவது
* கருவிழி மறுபடி புகை படிந்த மாதிரி ஆவது
* வெளிச்சத்தைக் கண்டு கண் மூடுவது, கண்ணீர் வழிவது திரும்ப வருவது
* கண் வலியோடு வாந்தி, சோர்வு
* குழந்தை பொருளை எட்டிப் பிடிக்கத் தடுமாறுவது
* கண்ணில் அடிபடுவது

இதில் ஒன்று இருந்தாலும் அடுத்த செக்கப் தேதி வரை காத்திருக்கக் கூடாது. அன்றைக்கே போக வேண்டும்.

முக்கொம்பு சொல்லும் பாடம்

முக்கொம்பு மேலணை கட்டியது 1836-ல். நூற்றெண்பது வருடத்துக்கு மேல் வெள்ளத்தைத் தாங்கி நின்றது. 2018 ஆகஸ்ட் 22-ந்தேதி இரவு கொள்ளிடம் பக்கம் 9 மதகுகள் அடித்துக்கொண்டு போயின. திருச்சிக்காரர்கள் யாரும் அந்த இரவை மறக்கவில்லை. அணை கட்டியாச்சு என்று யாரும் வீட்டுக்குப் போய் விட முடியாது. தினமும் ஒருவர் தண்ணீர் அளவைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

குழந்தையின் கண்ணில் இருக்கும் அந்தச் சின்ன வாய்க்காலுக்கும் அதே கதைதான். வெட்டிக் கொடுத்தது டாக்டர். காவல் இருக்க வேண்டியது அம்மாவும் அப்பாவும். அடுத்த செக்கப் தேதி என்றைக்கு என்று இன்றைக்கே சீட்டை எடுத்துப் பாருங்கள். தாண்டிப் போயிருந்தாலும் பரவாயில்லை, ‘டாக்டர் திட்டுவாரே’ என்று கூச்சப்பட வேண்டாம். நாளைக்கே கிளம்புங்கள்.